பேரூராட்சியில் திடக்கழிவு ஆலோசனைக் குழு அமைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

எங்கள் பேரூராட்சியில் முதன்முதலாகக் குப்பைக்கென்று ஓர் ஆலோசனைக் குழு போட்டபோது 11 பேர் இருந்தோம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வங்கி மேலாளர், வணிகர் சங்கச் செயலாளர், கவுன்சிலர்கள், நான் என்று எல்லாருமே ஊருக்கு நல்லது நினைப்பவர்கள்தான். மூன்று கூட்டம் போட்டு, வீட்டுக்கு வீடு பச்சையில் ஒன்றும் நீலத்தில் ஒன்றுமாகத் தொட்டி கொடுக்கச் சொல்லிப் பரிந்துரை எழுதினோம். தொட்டியும் வந்தது. ஒரு மாதம் கழித்து, எங்கள் தெருவுக்கு வண்டி தள்ளிவரும் அக்காவிடம், "எல்லாரும் பிரிச்சுக் குடுக்கிறாங்களாக்கா?" என்று கேட்டேன்.

"குடுக்கிறாங்க தம்பி. வாங்கி எதுல போடுறது? வண்டியில தடுப்பே இல்லையே."

எட்டிப் பார்த்தேன். ஒரே பெட்டி. பச்சைத் தொட்டியில் வந்த கீரைத் தண்டும் நீலத் தொட்டியில் வந்த பால் கவரும் அதற்குள் ஒன்றாகக் குழைந்து கிடந்தன. 11 பேரில் ஒருவர்கூட அதுவரை அந்த வண்டிக்குள் எட்டிப் பார்த்ததில்லை. அந்த அக்காவைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்.

அந்தக் குழு அதோடு கலைந்தது. இரண்டாவது முறை வேறு மாதிரி அமைத்தோம். இரண்டு முறையும் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பேரூராட்சி, சிறிய நகராட்சி இரண்டுக்கும் இது அப்படியே பொருந்தும். கிராம ஊராட்சியாக இருந்தால் மன்றக் கூட்டம் என்று வரும் இடங்களில் கிராம சபையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில், இந்தக் குழுவுக்கு எவ்வளவு அதிகாரம்?

அரசியலமைப்பின் 74வது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 12வது அட்டவணை, நகர்ப்புற உள்ளாட்சிகளின் பணிகளில் திடக்கழிவு மேலாண்மையையும் சேர்த்திருக்கிறது. ஆக, குப்பை உள்ளாட்சியின் பொறுப்பு என்பதில் குழப்பமே இல்லை. சுற்றுச்சூழல் ஆர்வலர் அல்மித்ரா படேல் 1996இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கிலிருந்து மத்திய அரசின் 2000ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் பிறந்தன. அதற்குப் பின் 2016 விதிகள். இப்போது 2026 விதிகள். முன்பு மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரிக்கச் சொன்னார்கள். புதிய விதிகள் ஈரக் குப்பை, உலர் குப்பை, நாப்கின் டயப்பர் போன்ற சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் தேவைப்படும் கழிவு என்று நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. குழுவில் பேசத் தொடங்கும் முன் எல்லாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் கூட்டம் முழுக்க "ரெண்டா, மூணா, நாலா" என்ற விவாதத்திலேயே போய்விடும்.

2016 விதிகள் மாநில அளவில் ஓர் ஆலோசனைக் குழு வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது அது கூட வேண்டும் என்று கூறின. அதில் அரசுச் செயலாளர்கள் முதல் தொண்டு நிறுவனங்கள், மறுசுழற்சித் தொழில் வரை இடம் இருந்தது. ஆனால் ஒவ்வொரு ஊருக்கும் அப்படி ஒரு குழு தானாக வந்துவிடாது. மன்றம் விரும்பினால்தான் வரும், விரும்பும்படி செய்வது நம் வேலை.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இந்தக் குழு செலவு செய்யாது, டெண்டர் விடாது, யாரையும் வேலைக்கு எடுக்காது, யாருக்கும் அபராதம் போடாது. பார்க்கும், எடை போடும், கேட்கும், எழுதிக் கொடுக்கும். முடிவு மன்றத்துடையது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் கவுன்சிலர்களுக்கு இருக்கும் பாதிப் பயம் போய்விடும். "நமக்கு மேல இன்னொரு மன்றமா?" என்ற கேள்விதான் பல ஊர்களில் குழுவை முளையிலேயே கிள்ளிவிடுகிறது.

படி 1: தீர்மானம் இல்லாமல் தொடங்காதீர்கள்

எங்கள் முதல் குழு வாய்வார்த்தையில் அமைந்தது. தலைவர் சொன்னார், நாங்கள் உட்கார்ந்தோம். பரிந்துரையைக் கொடுத்தபோது அது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. செயல் அலுவலர் மாறியதும் அப்படி ஒரு குழு இருந்ததற்கான அடையாளமே அலுவலகத்தில் இல்லை.

ஆகவே முதல் வேலை மன்றத் தீர்மானம். உங்கள் வார்டு கவுன்சிலரிடமும் தலைவரிடமும் தனித்தனியாகப் போய்ப் பேசுங்கள். எதிர்க்கட்சிக் கவுன்சிலர்களிடமும் கட்டாயம் பேசுங்கள். செயல் அலுவலரிடம் ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள். மன்றம் துணைக்குழு அமைக்கச் சட்டத்தில் எந்தப் பிரிவு பொருந்தும் என்பதை அவரையே பார்த்துத் தீர்மானத்தில் எழுதச் சொல்வது நல்லது. அவர் கையால் எழுதியதை அவரே தணிக்கையில் தாங்கிப் பேசுவார்.

வாசகம் கீழே உள்ளது போல இருக்கலாம். தேவைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

"இப்பேரூராட்சியின் திடக்கழிவு மேலாண்மைத் திட்டத்தைத் தயாரிப்பதிலும் ஆண்டுதோறும் அதை மறுபரிசீலனை செய்வதிலும் மன்றத்துக்கு ஆலோசனை கூற 15 உறுப்பினர்கள் கொண்ட குழு அமைக்க மன்றம் அனுமதிக்கிறது. குழுவின் காலம் இரண்டு ஆண்டுகள். குழு எழுத்துமூலம் அளிக்கும் ஒவ்வொரு பரிந்துரையும் அடுத்து வரும் சாதாரணக் கூட்டத்தின் பொருள் நிரலில் வைக்கப்படும். ஏற்கப்படாத பரிந்துரைக்கு உரிய காரணம் பதிவு செய்யப்படும். குழுக் கூட்டத்தில் பங்கேற்கும் தூய்மைப் பணியாளர்களுக்கு அந்த நேரம் பணி நேரமாகக் கணக்கிடப்படும். கூட்டத்தில் தெரிவித்த கருத்துக்காக எந்தப் பணியாளர் மீதும் நடவடிக்கை எடுக்கப்படாது."

இதில் மூன்று வரிகளை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். பரிந்துரை பொருள் நிரலில் வர வேண்டும் என்பது ஒன்று, அது இல்லாவிட்டால் காகிதம் மேசை டிராயரில் தூங்கும். பணி நேரமாகக் கணக்கிடுவது இரண்டாவது. நடவடிக்கை கூடாது என்பது மூன்றாவது. ஒப்பந்தப் பணியாளர் ஒருவர், தன் மேஸ்திரி உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் "கையுறை வந்து நாலு மாசம் ஆச்சு" என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த நாள் வேலை இருக்குமா என்பதே அவருக்குத் தெரியாது.

படி 2: யார் யார் உட்கார வேண்டும்

இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான பகுதி இதுதான், கொஞ்சம் நிறுத்தி நிதானமாகவே சொல்கிறேன்.

15 பேரை இப்படிப் பிரிக்கலாம். ஆளும் தரப்பில் ஒரு கவுன்சிலர், எதிர்த் தரப்பில் ஒருவர். சுகாதார ஆய்வாளர் ஒருவர், அவரே உறுப்பினர் செயலர். தூய்மைப் பணியாளர்கள் மூன்று பேர். காயலான் கடைக்காரர் ஒருவர். தெருவிலும் கிடங்கிலும் குப்பை பொறுக்கிப் பிழைப்பவர் ஒருவர். வணிகர் சங்கத்திலிருந்து ஒருவர். ஹோட்டல் அல்லது கல்யாண மண்டபத்திலிருந்து ஒருவர். மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து இரண்டு பேர். பசுமைப் படையோ நாட்டு நலப்பணித் திட்டமோ நடத்தும் ஆசிரியர் ஒருவர். உரம் வாங்கக்கூடிய விவசாயி ஒருவர். உரக்கிடங்குக்கு, அதாவது ஊர்க் குப்பை கொட்டும் இடத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் ஒருவர். செயல் அலுவலர் நிரந்தர அழைப்பாளர்.

தூய்மைப் பணியாளர் மூவரில் இரண்டு பேராவது பெண்களாக இருக்கட்டும். ஒருவர் ஒப்பந்தப் பணியாளராக இருக்கட்டும். யார் வர வேண்டும் என்பதை மேற்பார்வையாளர் முடிவு செய்யக் கூடாது. காலையில் வருகைப் பதிவு முடிந்ததும், பணியாளர்களே கூடித் தேர்ந்தெடுக்கட்டும். எங்கள் ஊரில் மேற்பார்வையாளர் முதலில் கொடுத்த மூன்று பெயருமே அவருக்கு வேண்டியவர்கள். இதைப் பணிவாகச் சொல்லி மாற்ற இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரம் வீண் போகவில்லை.

"தொழிலாளிக்கு இவ்வளவு இடமா?" என்று யாராவது கேட்டால் 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டத்தைக் காட்டுங்கள். அதன்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீத இடம், தெரு வியாபாரிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்து அனுப்புபவர்களுக்கு. அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். தெருவில் கடை போடுவது பற்றித் திட்டமிட வியாபாரிக்கு 40 சதவீதம் என்று நாடாளுமன்றமே சொல்லியிருக்கும்போது, குப்பை அள்ளுவது பற்றித் திட்டமிட அள்ளுகிறவர்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு கேட்பது அதிகமில்லை.

காயலான் கடைக்காரரை ஏன் சேர்க்க வேண்டும் என்று எங்களிடமும் கேட்டார்கள். ஊரில் எந்தப் பொருளுக்கு இன்று என்ன விலை, எந்த பிளாஸ்டிக் விற்கும், எது சும்மா கொடுத்தாலும் எடுக்க மாட்டார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். தண்ணீர் பாட்டில் உடனே போகும். பிஸ்கட் சுற்றிவரும் பளபளப்பு உறை போகாது. நாம் புத்தகம் படித்துப் பேசுவதை அவர் தராசில் வைத்துப் பேசுவார்.

கிடங்குக்குப் பக்கத்து வீட்டுக்காரரை விட்டுவிடும் ஊர்கள் நிறைய. அந்தப் புகையை நாள்தோறும் சுவாசிப்பவர் அவர். கோவை வெள்ளலூர் கிடங்கிலும் சென்னை பெருங்குடிக் கிடங்கிலும் தீப்பிடித்தபோது மூச்சுத் திணறியவர்கள் சுற்றி வாழும் மக்கள்தான். அவர்களைக் கேட்காமல் "அங்கேயே இன்னொரு ஷெட் போடலாம்" என்று எழுதுவது நியாயமில்லை.

யாரைச் சேர்க்கக் கூடாது என்பதும் முக்கியம். குப்பை அள்ளும் ஒப்பந்ததாரர், இயந்திரம் விற்கும் நிறுவனத்தின் ஆள், டெண்டர் எடுக்க எண்ணமுள்ளவர் ஆகியோர் உறுப்பினராக வேண்டாம். அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும் என்றால் ஒரு கூட்டத்துக்கு அழைத்துக் கேளுங்கள், பேசிவிட்டுப் போகட்டும். உறுப்பினர் யாருக்காவது பேசப்படும் விஷயத்தில் சொந்த ஆதாயம் இருந்தால் அதைச் சொல்லிவிட்டு அந்த நேரம் வெளியே இருக்க வேண்டும். காயலான் கடைக்காரருக்கும் இது பொருந்தும்.

அப்புறம், இதை மறைக்காமல் பேச வேண்டும். நம் ஊர்களில் தூய்மைப் பணிக்கு வருபவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள், குறிப்பாக அருந்ததியர் சமூகத்தினர் பலர். அவர்களுக்குக் கடைசி வரிசையில் பிளாஸ்டிக் ஸ்டூலும் மற்றவர்களுக்கு முன்வரிசையில் நாற்காலியும் போட்டால் அந்தக் குழு அன்றே முடிந்தது. வட்டமாக உட்காருங்கள். ஒரே நாற்காலி, ஒரே டம்ளரில் டீ. பெயர் சொல்லிக் கூப்பிடும்போது கூட்டத்தில் இருக்கும் மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே மரியாதை. "நீ சொல்லும்மா" என்று ஆரம்பித்த ஒரு கவுன்சிலரை எங்கள் ஆசிரியர் உறுப்பினர் மெதுவாக, "சார், 'நீங்க சொல்லுங்க'ன்னு கேப்போமே" என்று திருத்தினார். அதற்குப் பிறகு அந்த அறையில் பேச்சே மாறியது.

படி 3: நேரமும் இடமும்

தூய்மைப் பணி விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். மாலை 6 மணிக்குக் கூட்டம் வைத்தால் பணியாளர்கள் களைத்து வருவார்கள், அல்லது வரவே மாட்டார்கள். பிற்பகல் 3 மணி சரிப்பட்டு வரும். கடைக்காரர்களுக்கும் அது கூட்டமில்லாத நேரம். மாதம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம், அதற்கு மேல் இழுக்க வேண்டாம். சந்தை நாளிலும் முகூர்த்த நாளிலும் வைக்காதீர்கள்.

முதல் கூட்டம் மட்டும் அலுவலகத்தில் வேண்டாம். காலை 6 மணிக்கு எல்லாரும் வருகைப் பதிவு இடத்தில் கூடுங்கள். மூன்று மூன்று பேராகப் பிரிந்து ஒவ்வொரு வண்டியோடும் ஒரு முழு நடை போங்கள். கடைசியில் எல்லா வண்டியும் சேரும் உரக்கிடங்கில் நின்று பேசுங்கள். கவுன்சிலரோ ஹோட்டல்காரரோ ஒரு நடை வண்டியோடு போய் வந்துவிட்டால், அதன்பின் கூட்டத்தில் பேசுவது வேறாக இருக்கும். பேட்டரி வண்டி ஏறாத மேட்டுத் தெரு எது, எந்தச் சந்தில் வண்டி திரும்ப இடமில்லை, எந்த வீட்டில் நாய் அவிழ்த்துவிட்டிருக்கும் என்று எந்தக் காகிதத்திலும் இல்லாத விவரம் அன்று கிடைக்கும்.

படி 4: பேசுவதற்கு முன் எடை போடுங்கள்

குப்பை எவ்வளவு, அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் திட்டம் போட முடியாது. மத்திய அரசின் 2016ஆம் ஆண்டுக் கையேடு, 2 லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் ஊர்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 200 முதல் 300 கிராம் குப்பை சேரும் என்று கணக்குச் சொல்கிறது. 25,000 பேர் இருக்கும் பேரூராட்சி என்றால் 5 முதல் 7.5 டன். இது தோராயம்தான். கோயில் நகரமா, நெடுஞ்சாலை ஊரா, விசைத்தறி ஊரா என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். உங்கள் ஊரின் கணக்கை நீங்களே எடுங்கள்.

தொடர்ந்து 8 நாள் எடை போடுங்கள், ஒரு திங்களிலிருந்து அடுத்த திங்கள் வரை. சந்தை நாள் அதற்குள் வந்துவிடும். பெரிய வண்டியை எடைமேடையில் ஏற்றி, குப்பையோடு ஒரு எடை, கொட்டிய பின் ஒரு எடை எடுங்கள். தள்ளுவண்டிக் குப்பைக்குக் காயலான் கடைத் தராசே போதும். எந்த வண்டி, எந்தத் தெரு, எத்தனை மணி, எத்தனை கிலோ என்று ஒரு நோட்டில் எழுதுங்கள்.

எடையோடு நின்றுவிடாதீர்கள், பிரித்தும் பாருங்கள். முறை எளிது. ஒரு தார்ப்பாயை விரித்து, ஒரு வண்டிக் குப்பையைக் கொட்டி மண்வெட்டியால் நன்றாகக் கலக்குங்கள். வட்டமாகப் பரப்பி, தோசையை நாலாக வெட்டுவதுபோல நாலு பங்காக்குங்கள். எதிரெதிரே இருக்கும் இரண்டு பங்கை ஒதுக்கிவிட்டு, மீதியை மறுபடி கலக்கி மறுபடி நாலாக்குங்கள். சுமார் 100 கிலோ மிச்சம் வரும்வரை இப்படியே செய்யுங்கள். அந்த 100 கிலோவை இனம் இனமாகப் பிரித்து எடை போட்டால், எத்தனை கிலோவோ அத்தனை சதவீதம்.

காய்கறி, சாப்பாடு, இலை தழை ஒரு பக்கம். காகிதம், அட்டை ஒரு பக்கம். கெட்டி பிளாஸ்டிக் தனி, கேரி பேக்கும் உறைகளும் தனி. கண்ணாடி, உலோகம், துணி, நாப்கின் டயப்பர், ஊசி மருந்து பேட்டரி பல்பு, மண்ணும் இடிபாடும். கெட்டிக் கையுறையும் பூட்ஸும் இல்லாமல் யாரும் கை வைக்கக் கூடாது. நாங்கள் பிரித்தபோது எங்களைத் திகைக்க வைத்தது முடிச்சுப் போட்ட சாம்பார் கவர்கள்தான். பார்சல் சாம்பார், சட்னி, பாதி தின்ற மீதி எல்லாம் முடிச்சோடு அப்படியே வருகின்றன. உள்ளே இருப்பது மக்கும், வெளியே இருப்பது மக்காது. அந்த முடிச்சை அவிழ்ப்பது யார்? தினம் நூற்றுக்கணக்கில் அவிழ்ப்பது அந்த அக்காக்கள்தான், கையுறை இல்லாமலும்கூட. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை உண்டு. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. இருந்தும் கவர் வருகிறது. ஹோட்டல்காரர் உறுப்பினராக இருந்ததால், பாத்திரம் கொண்டுவருபவர்களுக்கு முதலில் பார்சல் என்ற யோசனை அன்றே, அந்தத் தார்ப்பாய் பக்கத்திலேயே வந்தது.

முடிந்தால் ஆண்டில் இரண்டு தடவை எடுங்கள், கோடையில் ஒன்று, மழைக்காலத்தில் ஒன்று. சித்திரை வெயிலில் இளநீர்க் கூடு மலைபோல் குவியும். எடை அதிகம், இடத்தை அடைக்கும், வெட்டிப் போடாவிட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஐப்பசி மழையில் எல்லாம் நனைந்து எடை ஏறும். ஆயுத பூஜைக்கு மறுநாள் வாழைக் கன்றும் உடைத்த பூசணியும் தனிக் கதை.

படி 5: வரைபடத்தில் ஊரைப் பாருங்கள்

வார்டு வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். வண்டி போகும் பாதை, போகாத தெரு, குப்பை மேடாகும் முக்கு, மண்டபம், இறைச்சிக் கடை, மருத்துவமனை, ஓடை, ஏரி எல்லாவற்றையும் பேனாவால் குறியுங்கள். பணியாளர்களே குறிக்கட்டும். ஒரே முக்கில் ஏன் தினமும் குப்பை சேருகிறது என்று கேட்டால் காரணம் பெரும்பாலும் எளிமையாக இருக்கும். வண்டி 7 மணிக்கு வருகிறது, அந்தத் தெருப் பெண்கள் 6 மணிக்கே மில் வேனில் ஏறிப் போய்விடுகிறார்கள், அவ்வளவுதான். நேரத்தை மாற்றினால் முக்கு சுத்தமாகும். பேனர் வைத்தால் ஆகாது.

படி 6: திட்டத்தை எழுதுவது

திட்டம் நூறு பக்கம் இருக்க வேண்டியதில்லை. குழு சில கேள்விகளுக்கு உறுதியான பதில் எழுதினால் போதும்.

மக்கும் குப்பை எங்கே போகும்? நாளொன்றுக்கு 3 டன் என்று வையுங்கள். உரமாக 45 நாள் ஆகும் என்றால், எந்த நாளில் பார்த்தாலும் 135 டன் உள்ளே போன குப்பை ஏதோ ஒரு கட்டத்தில் அங்கே கிடக்கும். அது சுருங்கிக்கொண்டே வரும் என்றாலும், ஊரில் இருக்கும் நுண்ணுர மையத்தில் (மக்கும் குப்பையை உரமாக்கும் சிறு கூடம்) அந்த இடம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். பல ஊர்களில் மையம் கெட்டுப்போவது இந்தக் கணக்கைப் போடாததால்தான். தொட்டி நிறைந்ததும் வண்டி நேராகக் கிடங்குக்குப் போய்விடும். இடம் போதாவிட்டால் ஒரே பெரிய மையத்தைவிட வார்டு வார்டாகச் சிறிய மையங்கள் நல்லது. கூரை கட்டாயம். வடகிழக்குப் பருவமழையில் நனைந்த குவியலில் காற்று புகாது, நாற்றம் எடுக்கும், அதோடு பக்கத்துத் தெரு போராட்டத்துக்கு வந்துவிடும்.

உலர்ந்த குப்பையை யார் பிரிப்பார்கள், யாருக்கு விற்பார்கள், அந்தப் பணம் யாருக்கு? பிரிப்பவர்களுக்கே அதில் பங்கு கொடுக்க எழுதுங்கள். சத்தீஸ்கரின் அம்பிகாபூரில் மகளிர் குழுப் பெண்கள் வீடு வீடாக வாங்கி, மையத்தில் பல இனமாகப் பிரித்து விற்கிறார்கள். அந்த முறையை அங்கே அமைக்க வழிகாட்டியவர் நம் வேலூரைச் சேர்ந்த திடக்கழிவு வல்லுநர் சி. ஸ்ரீனிவாசன். சென்னையை ஒட்டிய பம்மலில் 1990களில் சங்கரா நகர்ப் பெண்கள் தங்கள் தெருக் குப்பையில் தொடங்கி, 1989இல் சென்னையில் பிறந்த எக்ஸ்னோரா என்ற குடிமக்கள் தூய்மை இயக்கத்தோடு சேர்ந்து ஊர் முழுக்க அதை விரித்தார்கள். இரண்டிலும் குப்பையைக் கையால் தொட்டவர்களே முறையை வடிவமைத்ததிலும் இருந்தார்கள்.

பெரிய அளவில் குப்பை போடுபவர்கள் யார்? நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் தருபவர்களைப் பட்டியலிடுங்கள். மண்டபங்களைத் தனியாகப் பேசுங்கள். உரிமம் இல்லாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை மூன்று வேலை நாளுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2016 விதிகளிலேயே இருந்தது. அதுபோல மண்டபம் பதிவாகும்போதே அந்தத் தகவல் சுகாதார ஆய்வாளருக்குப் போக ஒரு வழி செய்தால் முகூர்த்த நாளில் கூடுதல் வண்டி அனுப்ப முடியும்.

டயப்பரும் நாப்கினும் தனியாக எப்படி வரும், எங்கே போகும்? இதை எந்த ஊரும் பேசக் கூச்சப்படுகிறது. பெண் பணியாளர்கள்தான் முதலில் வாய் திறப்பார்கள், திறக்கும்போது கேளுங்கள். ஊசியும் சிரிஞ்சும் வேறு இனம் என்றாலும் அவற்றுக்கும் இதே கேள்விதான். காலி மதுப் பாட்டில்களுக்கு, 2022இல் நீலகிரியில் தொடங்கி மற்ற மாவட்டங்களுக்கும் வந்த 10 ரூபாய் திரும்பத் தரும் முறை உங்கள் ஊர்க் கடையில் சரியாக நடக்கிறதா என்று பாருங்கள். வயலில் உடைந்து கிடக்கும் கண்ணாடியைப் பற்றி விவசாயி உறுப்பினர் சொல்வார்.

கட்டணம் எவ்வளவு, யாருக்கு விலக்கு, பழைய குப்பை மலையை என்ன செய்வது, பணியாளர் பாதுகாப்புப் பொருள் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பவற்றையும் எழுதுங்கள். ஒவ்வொரு பரிந்துரைக்கும் எதிரே யார் செய்ய வேண்டும், எவ்வளவு செலவு, எந்த மாதத்துக்குள் என்று மூன்று கட்டம் போடுங்கள். அது நிரம்பாத பரிந்துரையை அனுப்பாதீர்கள்.

குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை பற்றி யாராவது வந்து அழகான படம் காட்டுவார்கள். நம் குப்பையில் பாதிக்கு மேல் ஈரம் என்பதை உங்கள் தார்ப்பாய்க் கணக்கே காட்டியிருக்கும். ஈரக் குப்பை எரியாது, எரிக்க எரிபொருள் கேட்கும். சிறிய ஊருக்கு அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

படி 7: மக்களிடம் காட்டுதல், மன்றத்தில் வைத்தல்

வரைவைப் பெரிய எழுத்தில் நாலு பக்கமாக அச்சிடுங்கள். நூலகம், ரேஷன் கடை, பேருந்து நிலையம் ஆகிய இடங்களில் ஒட்டுங்கள். நகர்ப்புறங்களில் 2022 நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினத்தில் தொடங்கிய பகுதி சபைக் கூட்டங்களில் வாசியுங்கள். கிராம ஊராட்சி என்றால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 கிராம சபைகள் இருக்கின்றன. வாசிப்பது பணியாளர் உறுப்பினராக இருந்தால் மிக நல்லது. எங்கள் ஊரில் அந்த அக்காவே வாசித்தார். "நீங்க பிரிச்சுக் குடுக்கிறதை நாங்க கலக்க மாட்டோம், இனிமே வண்டியில தடுப்பு இருக்கு" என்று அவர் சொன்னபோது, அதுவரை குறுக்கே பேசிக்கொண்டிருந்தவர்கள் அமைதியானார்கள்.

உள்ளாட்சியின் பட்ஜெட் பிப்ரவரி, மார்ச்சில் தயாராகும். ஆகவே செலவு கேட்கும் பரிந்துரை டிசம்பருக்குள் மன்றத்துக்குப் போய்விட வேண்டும். ஏப்ரலில் கொடுத்தால் ஒரு வருடம் போச்சு. செலவே இல்லாதவற்றை, நேர மாற்றம், பாதை மாற்றம் போன்றவற்றை, தனியாகப் பிரித்து உடனே கொடுங்கள். எங்கள் இரண்டாவது குழுவின் முதல் பரிந்துரை வண்டிக்கு நடுவே தகரத் தடுப்பு. உள்ளூர் வெல்டிங் பட்டறையில் சில நாளில் எல்லா வண்டிக்கும் அடித்துக் கொடுத்தார்கள். சீக்கிரம் நடந்த ஒரு காரியம் குழுவின் மேல் ஊருக்கு நம்பிக்கையை வரவைக்கும்.

குழு உடையும் இடங்கள்

அதிகாரி மாற்றம் முதல் காரணம். புதிய செயல் அலுவலர் வந்த முதல் வாரமே தீர்மான நகல், எடைக் கணக்கு, கடைசி மூன்று கூட்டக் குறிப்பு அடங்கிய கோப்போடு போய்ப் பாருங்கள். எல்லா ஆவணத்துக்கும் ஒரு பிரதி இரண்டு உறுப்பினர் வீட்டில் இருக்கட்டும். கூட்டக் குறிப்பை முடிவில் தமிழில் சத்தமாக வாசித்த பிறகே கையெழுத்து வாங்குங்கள். படிக்கத் தெரியாத உறுப்பினருக்கும் தான் எதில் கைநாட்டு வைக்கிறோம் என்று தெரிய வேண்டும்.

அடுத்தது, வேலை குழுவின் தலையில் ஏறுவது. குழு உறுப்பினர்களே ஞாயிற்றுக்கிழமை துடைப்பம் எடுத்துப் படம் எடுத்துக்கொள்ளத் தொடங்கினால், திட்டமிடும் வேலை நின்றுவிடும். சுத்தம் செய்வது உள்ளாட்சியின் கடமை. அதற்குச் சம்பளம் வாங்கும் பணியாளர்களுக்கு வேண்டிய ஆளும் கருவியும் கேட்டு வாங்குவதுதான் குழுவின் வேலை.

மன்றம் மறுத்தால்?

தீர்மானம் வராத ஊரிலும் எடை போடலாம், வரைபடம் போடலாம். தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் மனு போடுங்கள். நாளொன்றுக்கு எத்தனை டன் சேகரம், எத்தனை பணியாளர்கள், கடந்த ஆண்டு தூய்மைப் பணிச் செலவு, ஊருக்கென்று எழுதிய திடக்கழிவுத் திட்டத்தின் நகல் ஆகிய நாலையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். உங்கள் கணக்கையும் அந்தப் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே பக்கத்தில் எழுதி, எல்லாக் கவுன்சிலர்களுக்கும் கொடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் கொடுங்கள். வெறும் புகாரைவிட எடைக் கணக்கோடு வரும் மனுவைத் தள்ளிவைப்பது கடினம். அடுத்த மன்றக் கூட்டத்தில் மறுபடி தீர்மானம் கேளுங்கள்.

ஓர் ஆண்டு முடிந்ததும்

அதே மாதம், அதே 8 நாள், அதே சந்தை நாள், அதே தார்ப்பாய். மறுபடி நாலாகப் பிரித்து எடை போட்டு, பழைய நோட்டைப் பக்கத்தில் விரித்து வையுங்கள். கிடங்குக்குப் போன டன் குறைந்திருக்கிறதா, பிரிந்து வந்த சதவீதம் கூடியிருக்கிறதா, முடிச்சுப் போட்ட கவர் 100 கிலோவில் எத்தனை என்று பாருங்கள். அந்த மூன்று எண்களையும் மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு, அடுத்த கூட்டத்துக்கு நாள் குறியுங்கள்.